மீண்டும் எழுப்பும் வீட்டின் விலை

இடிந்து விழுந்த ஒரு வீட்டை அதே மனையில் அதே அளவில் மீண்டும் எழுப்ப எவ்வளவு பணம் வேண்டும் என்ற கேள்வி, மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்குச் செங்கல்லையும் சிமெண்டையும் கூட்டிப் பெருக்கி ஒரு பிற்பகலில் முடித்துவிடத்தக்க கணக்காகவே தோன்றும். ஆயினும் பொறியாளர், காப்பீட்டு நிறுவனத்தின் அளவையர், நில எடுப்பு அதிகாரி, நிவாரணப் பட்டியல் எழுதும் வருவாய்த் துறை அலுவலர், உள்ளூர் மேஸ்திரி ஆகிய ஐவரும் ஒரே வீட்டின் முன் நின்று ஐந்து வெவ்வேறு தொகைகளைக் கூறுவதும், அவர்களுள் ஒருவரும் கணக்கில் பிழை செய்யாதிருப்பதும் சர்வசாதாரணமாக நிகழ்கின்றன. ஆகவே வேற்றுமைக்குக் காரணம் கணக்கில் இல்லை. கணக்குக்கு முன்னால் ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வியில் இருக்கிறது.

இவ்விஷயம் புதுச்சேரிப் பிரதேசத்தின் கிராமங்களுக்கு ஏட்டளவிலான சர்ச்சை அன்று. 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயலும், 2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேலான மழையைக் கொட்டிய ஃபெஞ்சல் புயலும் இக்கேள்வியை ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாசலில் கொண்டுவந்து வைத்தன. பின்னதன்போது, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கத்து ஊர்களைச் சூழ்ந்தது. மண்ணாடிப்பட்டு கொம்யூனில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் திருக்கனூரும் அதன் சுற்றுப்புறங்களும், செஞ்சி மலைகளில் பிறந்து வீடூர் அணையைக் கடந்து வரும் சங்கராபரணியின் போக்கை ஒவ்வோர் ஐப்பசி கார்த்திகையிலும் கவனித்து வாழ்பவை. இத்தகைய ஓர் ஊரில் வீட்டை மறுபடி கட்டும் செலவை மதிப்பிடுவதற்குக் கைக்கொள்ளப்படும் முறைகள் யாவும், அநேகமாகப் பெருநகரங்களில் பெருநகரங்களுக்காகவே உண்டானவை என்பது இங்கு முதலில் கருதத்தக்கது.

பூர்வீக விடைகள்

வீடுகள் மொத்தமாக அழிந்தபோதுதான் சமூகங்கள் அவற்றின் விலையைப் பற்றி முறையாகச் சிந்திக்கத் தலைப்பட்டன. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் லண்டன் நகரம் எரிந்த பின்னர், மறு ஆண்டில் இயற்றப்பட்ட மறுநிர்மாணச் சட்டம், இனிக் கட்டப்படும் வீடுகளை நான்கு வகைகளாக வகுத்து, சுவரின் கனத்தையும் மாடிகளின் எண்ணிக்கையையும் நிர்ணயித்தது. அதோடு நில்லாமல், செங்கல், ஓடு, சுண்ணாம்பு விற்போர் அநியாய விலை கேட்டால் நீதிபதிகள் தலையிட்டு விலையை வரையறுக்கவும் அது இடமளித்தது. அழிவுக்குப் பின் பொருள்களின் விலை சாதாரண விலையாக இராது என்ற உண்மை அந்நாளிலேயே உணரப்பட்டிருந்தது என்பதற்கு இது சான்று. அத்தீயின் விளைவாகவே நிக்கோலஸ் பார்பன் என்பவர் வீடுகளுக்குத் தீக்காப்பீடு அளிக்கும் தொழிலைத் தொடங்கினார்; வீட்டின் மறுநிர்மாணச் செலவை அழிவுக்கு முன்பே ஒரு தொகையாக எழுதிவைக்கும் வழக்கம் அங்கிருந்துதான் வேரூன்றியது எனலாம்.

நம் பிரதேசத்திலேயே இதற்கு ஒரு முன்நிகழ்ச்சி உண்டு. 1761 ஜனவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சரணடைந்த பின்னர் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி ஊர் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைக்க, 1765இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற லா தெ லொரிஸ்தோன் பழைய தெரு அமைப்பின்மேலேயே நகரை மீண்டும் எழுப்பினார். மறுநிர்மாணம் என்பது வெறுமையிலிருந்து தொடங்குவதில்லை. மனை, தெரு, கிணறு, கடைக்கால், எடுத்துச் சேர்க்கத்தக்க கல்லும் மரமும் என ஏதோ ஒன்று எப்போதும் எஞ்சி நிற்கிறது. எஞ்சியதைச் செலவில் கழிப்பதா, அதை அப்புறப்படுத்தும் கூலியைச் செலவில் கூட்டுவதா என்ற சர்ச்சை இன்றளவும் ஓயவில்லை.

அளந்து எண்ணும் வழி

பொறியாளர்களின் விடை இவற்றுள் மிகவும் கிரமமானது. கட்டடத்தின் தரைப்பரப்பை ஒரு விகிதத்தால் பெருக்குவது முதற்படி. பரப்போடு உயரத்தையும் சேர்த்துக் கன அளவால் பெருக்குவது அடுத்தது. கடைக்கால் தோண்டும் மண்ணிலிருந்து கதவின் கீல் வரையில் ஒவ்வொரு வேலையையும் நீளம், அகலம், உயரம் கண்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய விலையிட்டுக் கூட்டுவது மூன்றாவதும் நம்பகமானதுமான வழி. அளப்பதற்கான விதிகளை இந்திய தரநிர்ணயங்கள் வகுத்துள்ளன. விலைகளை மத்தியப் பொதுப்பணித் துறை, டில்லியின் சந்தையை ஆதாரமாகக் கொண்ட விலைவிகிதப் பட்டியலாக அவ்வப்போது வெளியிடுகிறது. ஒப்பந்தக்காரரின் மேற்செலவும் லாபமுமாகச் சேர்ந்த 15 சதவீதம் அவ்விலைகளுக்குள்ளேயே அடங்கியிருக்கும். டில்லிக்கு நூறு என்று வைத்துக்கொண்டு, ஏனைய நகரங்களுக்கு ஒரு செலவுக் குறியீட்டெண்ணைக் கணித்து, அதனால் பெருக்கினால் அந்தந்த நகரத்தின் விலை கிடைத்துவிடும் என்பது இம்முறையின் அடிப்படை.

இதன் பலம் வெளிப்படையானது. எந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை எவரும் திரும்பிச் சென்று சோதிக்கலாம். சர்க்காரின் பணத்தைச் செலவிடுவோருக்கு இதைக் காட்டிலும் நியாயமான பிரமாணம் கிடைப்பது அரிது. இதன் பலவீனமோ அதே இடத்தில்தான் இருக்கிறது. புதிய மனையில், வரைபடத்தோடு, வரிசைக்கிரமமாக நடக்கும் பெரிய வேலையை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விகிதங்கள் அவை. ஒரே ஒரு வீட்டை, இடிபாட்டுக்கு நடுவே, இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர் நிற்கும் குறுகிய தெருவில், லாரி நுழையாத இடத்துக்குச் சாமானைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கட்டும்போது அவ்விகிதங்கள் பொருந்துவதில்லை. எதிர்பாராச் செலவுகளுக்கென்று மதிப்பீட்டின் அடியில் சேர்க்கப்படும் மூன்று அல்லது ஐந்து சதவீதம் இவ்வேற்றுமையை ஈடுகட்டப் போதுமானதென்று கொள்வதற்கில்லை. அன்றியும், இடிந்துபோன பழைய வீட்டுக்கு வரைபடமே பெரும்பாலும் இருப்பதில்லை. இல்லாத சுவரின் கனத்தை யார் அளப்பது?

ஊர் மேஸ்திரியின் கணக்கு இதற்கு நேர் எதிரான முனையில் நிற்கிறது. நூறு சதுர அடி கொண்டது ஒரு சதுரம். சதுரத்துக்கு இவ்வளவு கூலி என்றோ, சாமானோடு சதுர அடிக்கு இவ்வளவு என்றோ அவர் ஒரே வாக்கியத்தில் விலை சொல்லிவிடுவார். அவ்விலைக்குள் அவ்வருஷத்துக் கொத்தனார் கூலி, சித்தாள் கூலி, ஜல்லி யூனிட் விலை, சென்ட்ரிங் பலகை வாடகை எல்லாம் அவருடைய அனுபவத்தால் கலந்து நிற்கின்றன. ஏட்டுப் பட்டியல் ஓராண்டு பின்தங்கியிருக்கும் வேளையில் அவருடைய வாய்க்கணக்கு அந்த மாதத்து விலையைச் சொல்லும். எனினும் எந்தத் தரத்துக் கம்பி, எத்தனை அடி ஆழக் கடைக்கால், கழிப்பறைத் தொட்டியும் மின்வேலையும் அதில் சேர்ந்தவையா, படிக்கட்டும் திண்ணையும் தனியா என்பன அவ்வாக்கியத்தில் அடங்குவதில்லை. வேலை பாதி நடந்தபின் எழும் மனத்தாங்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்தே பிறக்கின்றன. பொறியாளரின் முறையை உயர்ந்ததென்றும் மேஸ்திரியினுடையதைத் தாழ்ந்ததென்றும் கருதுவது வழக்கம். இரண்டும் வெவ்வேறு அறியாமைகளை உடையவை என்று கொள்வதே நேர்மை எனத் தோன்றுகிறது.

மேலே செல்வதற்கு முன் ஓர் உதாரண வீட்டை வைத்துக்கொள்வது உபயோகமாகும். வெளிப்புறத்தில் 30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள, ஒன்பது அங்குலச் சுவரும் கான்கிரீட் தளமும் கொண்ட, முப்பது வயதான ஒரு வீடு திருக்கனூரில் இருப்பதாகக் கொள்வோம். அதன் பரப்பு 600 சதுர அடி. இக்காலத்தில் சாதாரண வேலைக்கே சதுர அடிக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஒப்பந்தக்காரர்கள் கேட்பது வழக்கமாகிவிட்டது. கணக்கின் எளிமைக்காக இரண்டாயிரத்தையே வைத்தால், புதிதாகக் கட்டும் செலவு 12 லட்சம் ரூபாய்.

தேய்மானம்

நில எடுப்பிலும் சொத்து மதிப்பீட்டிலும் கேட்கப்படும் கேள்வி வேறு. புதிதாகக் கட்ட என்ன ஆகும் என்று அங்கே கேட்பதில்லை. இழந்தது என்ன மதிப்புடையது என்று கேட்கிறார்கள். நம் உதாரண வீட்டின் ஆயுளை 60 ஆண்டென்றும், ஆயுள் முடிவில் எஞ்சும் சாமான்களின் மதிப்பைப் பத்து சதவீதமென்றும் வைத்து, ஆண்டுதோறும் சமமாகத் தேய்வதாகக் கொண்டால், முப்பது ஆண்டுகளில் 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் கழிந்து, மதிப்பு 6 லட்சத்து 60 ஆயிரமாகிறது. முப்பது ஆண்டுகள் அனுபவித்த வீட்டுக்குப் புது வீட்டின் விலையைக் கொடுப்பது பிறர் பணத்தில் லாபம் தருவதாகும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த நியாயம் பொருளற்றது என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் 6 லட்சத்து 60 ஆயிரத்துக்கு முப்பது வயதான வீடு ஒன்றை எங்கே கட்டுவது? செங்கல் சூளையில் பழைய செங்கல் சுடுவதில்லை; கொத்தனார் பாதிக் கூலிக்கு வருவதில்லை. இந்த ஆட்சேபணையின் வலிமையை உணர்ந்தே உலக வங்கி, தன் நிதியில் நடக்கும் திட்டங்களால் இடம் பெயர்வோர்க்கு வீட்டின் ஈட்டுச் செலவைக் கணக்கிடும்போது தேய்மானத்தைக் கழிக்கலாகாது என்று 2001ஆம் ஆண்டின் தனது கொள்கையில் வகுத்தது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் மற்றொரு வழியில் செல்கிறது: கட்டடத்தின் சந்தை மதிப்பைத் தகுதி வாய்ந்த பொறியாளரைக் கொண்டு கணிக்கச் சொல்லி, மொத்தத்துக்கும் நூறு சதவீத ஆறுதல் தொகையை அது மேலே சேர்க்கிறது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர் வழியாக நாகப்பட்டினம் செல்லும் நான்குவழிச் சாலை போன்ற வேலைகளுக்காக வீடிழந்தோர் விஷயத்தில், தேய்மானத்தால் குறைந்ததை ஆறுதல் தொகை நிரப்பிவிடுகிறது என்று வாதிப்போர் உண்டு. ஆறுதல் தொகை, விருப்பமின்றி இடம் பெயரும் வேதனைக்கு அளிக்கப்படுவது. அதைக் கட்டுமானச் செலவின் ஓட்டையை அடைக்கப் பயன்படுத்துவது ஒரே பணத்தை இருமுறை எண்ணுவதாகும் என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

இதனோடு ஒட்டிய மற்றொரு பிரிவினையும் உண்டு. இடிந்ததை அதே பொருளால் அதே வேலைப்பாட்டோடு அச்சாகத் திரும்பச் செய்வது ஒன்று. அதே உபயோகம் தரும் இக்காலக் கட்டடத்தை எழுப்புவது இன்னொன்று. 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்த புதுச்சேரி நகராட்சியின் மேரி கட்டடம், உலக வங்கி உதவியுடன் ஏறத்தாழ 15 கோடி ரூபாயில் பழைய தோற்றத்திலேயே எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. நகராட்சி அலுவலகம் நடத்த ஓர் இடம் மட்டுமே வேண்டியிருந்தால் அத்தனை பணம் தேவைப்பட்டிராது; ஊர் தன் கடற்கரையின் முகத்தைத் திரும்பப் பெறவேண்டும் என்று கருதியதற்கான விலையும் அதில் அடங்கியது. கிராமத்துப் பழைய வீடுகளுக்கும் இப்பிரச்சினை உண்டு. முற்றமும் தாழ்வாரமும் நாட்டு ஓடும் தேக்குத் தூணும் கொண்ட வீடு சரிந்தால், அதற்கு ஈடென்று மதிப்பிடப்படுவது அநேகமாக ஒரு கான்கிரீட் பெட்டிதான். சுண்ணாம்புச் சாந்து இடிக்கவும் மெட்ராஸ் தளம் போடவும் தெரிந்த கைகள் அருகிவரும் நிலையில், அச்சாகத் திரும்பச் செய்யும் செலவுக்குச் சந்தை விலை என்ற ஒன்றே மறைந்துகொண்டிருக்கிறது.

காப்பீட்டின் விடை

காப்பீட்டுத் துறை நெடுங்காலமாகச் சராசரி விதி என்ற ஒன்றைக் கையாண்டு வந்தது. 12 லட்சம் பெறுமான வீட்டை 6 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், வீட்டில் 2 லட்ச ரூபாய் நஷ்டம் ஏற்படும்போது பாதியான ஒரு லட்சமே கிடைக்கும். மீதிப் பாதிக்கு வீட்டுக்காரரே தமக்குக் காப்பீட்டாளர் ஆகிறார் என்பது அதன் தத்துவம். மறுநிர்மாணச் செலவைத் தவறாகக் கணித்ததன் தண்டனை முழுவதும், அதைக் கணிக்க எவ்வித சாதனமும் இல்லாத சாமானியரின் தலையில் விழுந்தது.

2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுக் காப்பீட்டுத் திட்டம் இவ்விஷயத்தில் ஒரு பெரிய திருத்தம். வீட்டின் உட்பரப்பை அந்நாளைய கட்டுமான விகிதத்தால் பெருக்கிக் காப்பீட்டுத் தொகையைக் காணவேண்டும். ஆண்டுக்குப் பத்து சதவீதம் அது தானாக உயரும். குறைவாகக் காப்பீடு செய்ததற்காக நஷ்ட ஈட்டைக் குறைக்கும் பழைய விதி கைவிடப்பட்டது. நிலத்தின் விலையும் வீட்டின் விற்பனை மதிப்பும் இக்கணக்கில் நுழைவதில்லை. இதை வகுத்தோரின் நோக்கம் போற்றத்தக்கது.

எனினும் பெருக்கப்படும் இரண்டு எண்களிலும் சிக்கல் உண்டு. உட்பரப்பில் வெளிச்சுவர்களின் கனம் சேராது. திறந்த தாழ்வாரத்தின் பரப்பில் கால் பங்கே சேரும். நம் உதாரண வீட்டில் சுற்றிலும் ஒன்பது அங்குலச் சுவரைக் கழித்தால் உள்ளளவு இருபத்தெட்டரை அடிக்குப் பதினெட்டரை அடி, அதாவது சுமார் 527 சதுர அடி. மேஸ்திரியோ ஒப்பந்தக்காரரோ சொல்லும் விகிதம் வெளியளவுக்கு உரியது. அந்த விகிதத்தை உள்ளளவோடு பெருக்கினால் 10 லட்சத்து 54 ஆயிரம்தான் வரும். எவரும் தவறு செய்யாமலேயே பன்னிரண்டு சதவீதம் காணாமற் போய்விடுகிறது. இடிபாடு அகற்றும் செலவுக்கு இத்திட்டம் ஈட்டுத் தொகையில் இரண்டு சதவீதத்தை அனுமதிக்கிறது. கூரையும் சுவரும் ஒருங்கே விழுந்த வீட்டில், பழைய கான்கிரீட்டை உடைத்து, கம்பியை வெட்டி, டிராக்டரில் ஏற்றி வெளியேற்றும் செலவை அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பது ஐயத்துக்குரியது.

செல்வ நாடுகளிலும் இக்கணக்கு கைகூடிவிட்டதாகச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 டிசம்பர் 30 அன்று மூண்ட மார்ஷல் தீ, டென்வர் மாநகரின் வடமேற்குப் புறநகர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. அம்மாநிலக் காப்பீட்டுத் துறை பின்னர் ஆராய்ந்தபோது, மறுநிர்மாணச் செலவைச் சதுர அடிக்கு 250 டாலர் என்று கொண்டால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான வீடுகளும், 350 டாலர் என்று கொண்டால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகளும் குறைவாகக் காப்பீடு செய்யப்பட்டிருந்தன என்று தெரியவந்தது. நவீன மென்பொருள்களைக் கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே மதிப்பீடு செய்யப்படும் நாட்டிலேயே, எத்தனை பேர் குறைவாகக் காப்பீடு செய்திருந்தார்கள் என்ற வினாவுக்கு விடை, சதுர அடி விகிதம் என்னவென்று கொள்கிறோம் என்பதையே முழுக்கச் சார்ந்து நின்றது.

சர்க்காரின் தொகை

நம் கிராமங்களில் காப்பீடு செய்யப்பட்ட வீடு அபூர்வம். ஆகவே நடைமுறையில் விலை சொல்லும் அதிகாரம் பேரிடர் நிவாரண விதிகளிடமே இருக்கிறது. 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, சமவெளியில் முற்றிலும் இடிந்த வீட்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய், குறைந்தது பதினைந்து சதவீதம் சேதமுற்ற கல்வீட்டுக்கு 6,500, கச்சா வீட்டுக்கு 4,000, குடிசைக்கு 8,000. இதற்கு முந்தைய காலப்பகுதியில் முற்றிலும் இடிந்த வீட்டுக்கு 95,100 ரூபாயாக இருந்தது.

இவை உதவித் தொகைகளே அன்றி நஷ்ட ஈடு அல்ல என்று விதிகளை வகுத்தோர் சொல்வது சரியே. ஆயினும் 1 லட்சத்து 20 ஆயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று நோக்கினால், கிராமப்புற வீடு கட்டும் தேசியத் திட்டத்தில் சமவெளிக்கு நிர்ணயிக்கப்பட்ட அதே தொகை அது என்பது புலப்படும். அத்திட்டத்தின் குறைந்தபட்ச வீட்டளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி. வகுத்துப் பார்த்தால் சதுர அடிக்கு 446 ரூபாய். நம் உதாரண வீட்டின் 12 லட்சத்தில் இத்தொகை பத்தில் ஒரு பங்கு. சுனாமிக்குப் பின்னர் 2005 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசு வகுத்த நிரந்தர வீட்டுத் திட்டத்தில், 300 முதல் 325 சதுர அடி கொண்ட ஒரு வீட்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் உத்தேசச் செலவாகக் குறிக்கப்பட்டிருந்தது. பதினேழு ஆண்டுகளுக்குப் பின்பு வந்த விதி அதனினும் குறைந்த தொகையைக் கூறுகிறதென்றால், அது மறுநிர்மாணத்தின் விலையைக் கூறவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். புதுச்சேரி அரசு காமராஜர் பெயரால் நடத்திவரும் கல்வீடு கட்டும் திட்டம் போன்றவை இவ்விடைவெளியை ஓரளவு நிரப்ப முயல்கின்றன. அவை குடிசையைக் கல்வீடாக்கும் நோக்கத்தில் பிறந்தவை. இடிந்த கல்வீட்டின் உடைமையாளருக்கு அவற்றின் வாசல் எளிதில் திறப்பதில்லை.

தொகையைப் பணமாகக் கொடுப்பதா, வீடாகக் கொடுப்பதா என்பதிலும் அபிப்பிராய பேதம் உண்டு. 1993ஆம் ஆண்டு லாத்தூர் நிலநடுக்கத்துக்குப் பின், இடம் மாற்றப்பட்ட கிராமங்களில் நில உடைமைக்கேற்ப 250, 400, 750 சதுர அடி என்று வகுத்து ஒப்பந்தக்காரரைக் கொண்டு வீடுகள் கட்டித் தரப்பட்டன. 2001ஆம் ஆண்டு குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின், சேதத்தைப் படிகளாகத் தரம் பிரித்து, உதவித் தொகையைத் தவணைகளில் கொடுத்து, வீட்டுக்காரரே கட்டிக்கொள்ளும் வழி பெரும்பாலும் பின்பற்றப்பட்டது. பின்னதில் குடும்பத்தின் சொந்த உழைப்பும், எடுத்துச் சேர்த்த பழைய சாமானும், உறவினர் உதவியும் கலந்துவிடுவதால், செலவிடப்பட்ட பணம் வீட்டின் உண்மையான அடக்கத்தைக் காட்டுவதில்லை. மலிவாகக் கட்டி முடித்ததாகப் பின்னர் எழுதப்படும் அறிக்கைகளை இக்காரணத்தால் எச்சரிக்கையோடு படிக்கவேண்டும்.

மாநகர விகிதமும் கிராமத்து மனையும்

பெருநகரத்தில் ஒரு வீட்டின் விற்பனை விலையில் பெரும்பகுதி நிலத்துக்கு உரியது. சென்னையின் நடுப்பகுதியில் பழைய வீட்டை வாங்குபவர் கட்டடத்துக்கென்று அநேகமாக ஒன்றும் கொடுப்பதில்லை. இடிக்கும் செலவைக்கூடக் கழித்துக்கொண்டு பேசுவோர் உண்டு. பழைய அடுக்ககங்களை இடித்து மீண்டும் கட்டுவதற்கு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்று தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில் சட்டம் செய்யப்பட்டதன் பின்னணியும் இதுவே: கூடுதலாகக் கட்டிக்கொள்ளத்தக்க பரப்பின் விலையே மறுநிர்மாணச் செலவைச் சுமந்துவிடுகிறது. அத்தகைய இடத்தில் சொத்தின் விலையைப் பார்த்து மறுநிர்மாணச் செலவை ஊகிப்பவர், தேவைக்கு மேற்பட்ட தொகையை அடைவார்.

திருக்கனூரில் நிலைமை தலைகீழ். இங்கே நிலம் குழிக்கணக்கில் பேசப்படுகிறது. அதன் விலை நகரத்தின் ஒரு சிறு பின்னம். ஆனால் சிமெண்ட் மூட்டைக்கும் கம்பிக்கும் கிராமத்து விலை என்று ஒன்று கிடையாது. ஆகையால் வழிகாட்டி மதிப்பையோ விற்பனை விலையையோ கொண்டு நோக்குபவருக்குப் பழைய வீடொன்றின் விலை, அதை மீண்டும் கட்டும் செலவினும் மிகக் குறைவாகவே தெரியும். வங்கி கடன் கொடுக்கும்போது இவ்வேற்றுமை உறைக்கிறது. கட்டுவதற்கு 12 லட்சம் ஆகும் வீடு, கட்டி முடிந்த நாளன்றே மனையோடு சேர்த்தும் அத்தொகைக்கு விலைபோகாத ஊர்கள் உண்டு. அத்தகைய இடத்தில் ஈட்டின் பேரில் வாங்கத்தக்க கடன் மறுநிர்மாணத்துக்கு எட்டாமல் நின்றுவிடுகிறது.

இனி, நகரத்தின் குறியீட்டெண்ணைக் கிராமத்துக்கும் வைப்பதில் உள்ள பிழை ஒரே திசையில் செல்வதுமில்லை. ஜல்லியும் எம்-சாண்டும், வானூர் வட்டத்துத் திருவக்கரைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து திருக்கனூருக்கு வரும் தூரம் புதுச்சேரி நகருக்குச் செல்லும் தூரத்தைவிடக் குறைவு. ஆற்றோர ஊர்களின் செங்கல்லும் அருகிலேயே கிடைக்கிறது. ஓடு, குழாய், மின்சாதனம், கதவுப் பலகை ஆகியவை எதிர்த்திசையில் நகரத்திலிருந்து வண்டி வாடகையோடு வந்து சேர்கின்றன. தச்சரும் எலக்ட்ரீஷியனும் நகரத்து வேலையை விட்டு வருவதற்கு நகரத்துக் கூலியோடு பஸ் செலவும் கேட்பது இயல்பு. இவற்றோடு பிரதேச எல்லையும் குறுக்கிடுகிறது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் கனிமவளம் உள்ள நிலங்களின் மீதான வரி நடைமுறைக்கு வந்து, கிரஷர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, ஜல்லி விலை உயர்ந்தபோது, அத்தீர்மானத்தில் எப்பங்கும் இல்லாத புதுச்சேரிக் கிராமங்களின் மதிப்பீடுகளும் அதனோடு சேர்ந்து மாறத்தான் செய்தன.

எந்த நாளின் விலை?

மேற்கூறிய முறைகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. இக்கட்டுரையாளர் மற்றெல்லாவற்றினும் முக்கியமாகக் கருதுவது அதனையே. அவை யாவும் சாதாரணமான ஒரு நாளின் விலையைச் சொல்கின்றன. வீடோ சாதாரண நாளில் இடிவதில்லை. புயலில் ஒரு தாலுக்கா முழுவதும் ஒரே இரவில் சேதப்படுகிறது. மறுவாரமே எல்லோரும் அதே கொத்தனாரையும் அதே ஓட்டுக் கடையையும் தேடுகிறார்கள். 1974 டிசம்பரில் ட்ரேசி புயல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை அழித்த பின்னர் கட்டுமானச் செலவு ஏறியதை இதற்கு உதாரணமாக ஆய்வாளர் எடுத்துக்காட்டுவர்.

நம் கரையில் இதற்குப் பிரத்தியேகமான ஒரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பச்சைச் செங்கல் உலராது. சூளைகள் பொதுவாக மழை முடிந்து தை பிறந்த பின்னரே மும்முரமாகின்றன. புயல்களோ கார்த்திகையிலும் மார்கழியிலும் வருகின்றன. தானே வந்தது டிசம்பர் இறுதியில். ஃபெஞ்சல் நவம்பர் இறுதியில். சூளையில் இருப்பு மிகக் குறைந்தும், அறுத்து அடுக்கிய பச்சைக்கல் மழையில் கரைந்தும் போயிருக்கும் அதே மாதத்தில்தான் செங்கல்லுக்கு மிகுதியான தேவை உண்டாகிறது. ஆண்டுச் சராசரியைக் காட்டும் எந்தப் பட்டியலிலும் இம்மாதம் தனியாகத் தெரியாது.

விலை கீழிறங்குவதும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் மீதான சரக்கு சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. முந்தைய மாதத்தில் எழுதிய மதிப்பீடு அவ்வகையில் மிகையாயிற்று. ஆகவே ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்று நேர்கோட்டில் ஏற்றிக்கொண்டே போகும் காப்பீட்டு ஏற்பாடும் உண்மையின் வடிவத்தைக் காட்டுவதாகாது. மெதுவாக ஏறி, புயலடித்த மாதங்களில் திடீரென உயர்ந்து, பின்பு ஓரளவு இறங்கும் ஒன்றை அது சமமான படிகளாக எண்ணுகிறது.

தீராமல் நிற்பவை

மறுநிர்மாணச் செலவைக் காண விரிவான அளவைக் கணக்கே நம்பத்தக்க அடிப்படை என்பதிலும், விற்பனை விலையை அதற்குப் பதிலாகக் கொள்ளலாகாது என்பதிலும் இன்று அநேகமாகக் கருத்தொற்றுமை உண்டு. தேய்மானத்தைக் கழிப்பதற்கு எதிரான வாதம், வசிக்கும் வீட்டைப் பொறுத்தவரையில், அதை ஆதரிக்கும் வாதத்தைவிட வலுவுடையதென்றே படுகிறது. வாடகைக்கு விட்ட கட்டடங்களுக்கும் அது அப்படியே பொருந்துமா என்பது வேறு விசாரணை.

எவ்வளவு சிறிய வட்டாரத்துக்குத் தனி விலைவிகிதம் வேண்டும் என்பது முடிவாகாதது. கொம்யூன் தோறும் மேஸ்திரிகளின் நடப்பு விகிதத்தையும், சூளை விலையையும், ஜல்லி யூனிட் விலையையும் காலாண்டுக்கு ஒருமுறை எழுதிவைப்பது பெரிய காரியம் அன்று. கொம்யூன் பஞ்சாயத்தின் இளநிலைப் பொறியாளர் ஒருவர் செய்யக்கூடியது. எனினும் அப்படி எழுதிவைத்த எண் நஷ்ட ஈட்டுக்கு ஆதாரமாகும் என்று தெரிந்தவுடன், விலை சொல்வோர் அதை மனத்தில் வைத்தே சொல்லத் தொடங்கிவிடுவார்களா என்பது முயன்று பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது மேம்பாட்டைப் பற்றியது. வெள்ளத்தில் மூழ்கிய வீட்டை மறுபடி அதே பேஸ்மட்டத்தில் கட்டுவது அறிவுடைமை ஆகாது. இரண்டடி உயர்த்துவதற்கான மண்ணும் கல்லும் பழைய வீட்டில் இருந்தவை அல்ல என்பதால், காப்பீடும் நிவாரணமும் அவற்றை மேம்பாடு என்று விலக்கிவிடுகின்றன. அணையைத் திறப்பது ஓர் அரசு, நீர் சேர்வது இன்னோர் அரசின் கிராமம் என்ற நிலையில், அந்த இரண்டடியின் செலவு வீட்டுக்காரரைச் சேர்ந்ததா, பொதுவினதா என்பதற்கு இதுவரை கூறப்பட்ட எந்த முறையிலும் விடை இல்லை.

குடிசையின் நிலை இவற்றினும் தெளிவற்றது. கீற்றும் மூங்கிலும் மண்சுவரும் கொண்டு குடும்பமே கூடிக் கட்டிய வீட்டுக்குத் தரைப்பரப்பு விகிதம் கிடையாது. உட்பரப்பு இருந்தும் அதைப் பெருக்க ஓர் எண் கிடையாது. அதற்குரிய 8,000 ரூபாய், கீற்றின் விலையையும் முடைகிறவரின் கூலியையும் கட்டுகிறவரின் உழைப்பு நாட்களையும் எண்ணிக் கண்ட தொகையா என்பதற்கு விதிகளில் விளக்கம் காணப்படவில்லை. மிக அடிக்கடி இடிந்து மிக அடிக்கடி மீண்டும் எழுப்பப்படும் வீடு அதுவே; இருந்தும் அளந்து எண்ணும் முறை இன்னும் அதன் வாசலுக்கு வரவில்லை.